துரை, உள்ள வாங்க

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வகுப்புக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. புவனகிரியில் மெயின்ரோட்டை ஒட்டி இருந்தது எங்கள் நடுநிலைப் பள்ளி. ரோட்டில் போகிறவர்கள் நின்று, "உள்ள என்னப்பா, சண்டையா?" என்று கேட்டால், வாசலில் வேர்க்கடலை விற்பவர், "இல்ல, ஏழாவது" என்று பதில் சொல்வார். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்டதில்லை.

எங்களை அடக்கி வைத்திருந்தது ஒரு கணக்கு வாத்தியாரும் அவருடைய பிரம்பும். அடக்கி வைத்திருந்தார் என்பதுகூட முழு உண்மை இல்லை. அவர் உள்ளே இருக்கும்வரை மூச்சுச் சத்தம் கேட்காது. தண்ணீர் குடிக்க வராண்டாவுக்குப் போனதும், அதுவரை சேர்த்து வைத்த சத்தமெல்லாம் மதகு திறந்த மாதிரி வெளியே வரும். அவர் ஓடி வருவார், கைக்கு அகப்பட்டவர்களுக்கு விழும், மறுபடியும் அமைதி. இப்படியே பாதி வருஷம் போனது. பிறகு பதவி உயர்வில் பண்ருட்டிப் பக்கம் போய்விட்டார். போகிற அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பதவி உயர்வால் வந்தது என்று நாங்கள் நம்பினோம்.

அவர் இடத்துக்கு வந்தது என் சித்தி.

சித்தப்பாவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்தி கடலூர்க்காரர். அங்கே ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தவர், கல்யாணத்துக்குப் பிறகு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கள் பள்ளிக்கே வந்து சேர்ந்தார். குரல் மிகவும் சன்னம். சேதி தெரிந்ததும் அம்மா அப்பாவிடம், "அவ பேசினா பக்கத்துல நிக்கற எனக்கே கேக்கல. அந்தப் புள்ளைங்க அவளைக் கொண்டுபோயி சந்தையில வித்துட்டு வந்துடும்" என்றாள். நானும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி என்பது அவளுக்கு நினைவில்லை.

முதல் நாள் சித்தி வகுப்புக்குள் வந்தபோது நாங்கள் எழுந்து நின்று, இழுத்து இழுத்து வணக்கம் சொன்னோம்.

"வணக்கம். உக்காருங்க" என்றார்.

நாங்கள் உட்காரவில்லை. 'டா' சேர்க்காமல் 'உக்காருங்க' என்று சொன்னால் வாசலில் யாரோ பெரியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எல்லோரும் திரும்பி வாசலைப் பார்த்தோம். யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்துச் செல்லதுரை ஜன்னல் வழியாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தான். எங்கள் வகுப்பின் கெட்ட பெயரில் பெரும் பங்கு அவனுக்குரியது. புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் ஓடுகிற மினிபஸ் ஒன்றின் டிரைவர் அவனுடைய அப்பா. வாசல் என்று ஒன்று கட்டிடத்தில் இருப்பதையே அவன் மதித்ததில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று அவன் நிற்கும்போது சித்தி அவனைப் பார்த்துப் பெயரைக் கேட்டார். பக்கத்தில் இருந்தவன் துரை என்றான்.

"துரை, உள்ள வாங்க. வாசல் வழியாவே வாங்க, பரவால்ல. நாங்க காத்திருக்கோம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எங்கள் ஊரில், வீட்டுக்கு நேரங்கழித்து வருகிற தறுதலைகளைத்தான் 'துரை, வாங்க' என்பார்கள். அதற்கு அடுத்தது விளக்குமாறு. துரைக்கும் அது தெரியும். சித்தியின் கையைப் பார்த்தான். சாக்பீஸ்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தான். அதில் கிண்டல் இல்லை. அவன் ஜன்னலை விட்டு இறங்கி, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து, வாசலில் நின்று, பிறந்ததிலிருந்து முதன்முறையாக, "உள்ள வரலாமா டீச்சர்?" என்றான். பிறகு நாள் முழுக்க யாருடனும் பேசவில்லை. ஜுரம் வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

எனக்கு வேறு சிக்கல். காலையில் வீட்டில், "ஏ குட்டி, சீக்கிரம் குளிடி" என்று என்னை விரட்டிய அதே ஆள், ஒரு மணி நேரம் கழித்து, "வீட்டுப்பாடம் முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டால் நான் எந்த முகத்தை வைத்துக்கொள்வது? பதற்றத்தில், "முடிச்சிட்டேன் சித்தி" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வகுப்பில் பாதிப் பேருக்கு அவர் சித்தியாகிவிட்டார்.

'நீங்க' எங்களுக்குள் தொற்றிக்கொண்டதுதான் பெரிய கூத்து. மரியாதை கொடுத்துப் பேச வேண்டும் என்று சித்தி எங்களிடம் சொல்லவே இல்லை. நாங்களாகவே ஆரம்பித்தோம். முதலில் விளையாட்டாக, அப்புறம் பழக்கமாக. இடைவேளையில், "யோவ் எருமைங்களே, என் ரப்பரைக் குடுங்க" என்றும், "ஒங்க மூஞ்சியப் பேத்துருவேங்க, தெரிஞ்சிக்கங்க" என்றும் குரல்கள் கேட்கும். ஆறாம் வகுப்புக்காரர்கள் வந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

சத்தம் போட்டால் சித்தி மேஜையைத் தட்ட மாட்டார். சும்மா நிற்பார். கோபமாகவும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி. கொஞ்ச நேரத்தில் நாம் எதற்காகக் கத்துகிறோம் என்று நமக்கே மறந்துபோய்விடும். யாராவது அடிதடியில் இறங்கினால், அருகே வந்து குனிந்து, "கொஞ்சம் வராண்டாவுக்கு வரீங்களா?" என்பார். அங்கே, "என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்பார். அவ்வளவுதான். ஆனால் போனவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். அடி விழுந்த சத்தமே கேட்காமல் எப்படி அழுகிறார்கள் என்று எங்களுக்குப் புரியவில்லை. துரைதான் ஒரு விளக்கம் கண்டுபிடித்தான்.

"உள்காயம் படற மாரி அடிக்கறாங்கடா. வெளிய தெரியாது. கடலூர்ல அப்படித்தானாம்."

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. அடியையெல்லாம் சித்தி மொத்தமாகச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார், என்றாவது ஒருநாள் ஒரேயடியாகக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தான். அந்த நாள் வராமல் தள்ளிப்போகப் போக அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒருநாள் அவனே மேஜைக்குப் போய்க் கையை நீட்டினான்.

"டீச்சர், அடிக்கறதுன்னா இப்பவே அடிச்சிருங்க. இப்படிக் காத்துக்கிட்டு கெடக்கறதுதான் ஜாஸ்தி வலிக்குது."

சித்தி அந்தக் கையில் சாக்பீஸ் ஒன்றை வைத்து, கரும்பலகையில் தேதி எழுதச் சொன்னார். அவன் எழுதினான். தப்பான தேதி.

துரைக்குச் சோறு இறங்காத விஷயம் வீட்டில் தெரிந்து, அவனுடைய அப்பா பள்ளிக்கே வந்துவிட்டார். காக்கிச் சட்டையோடு, மினிபஸ்ஸை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, வகுப்பு வாசலில் நின்றார்.

"டீச்சர், நீங்க அடிக்கறதே இல்லியாமே. கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மீதி தோலை உரிச்சிருங்க. நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

"உள்ள வந்து உக்காருங்க. அவுங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்றார் சித்தி.

"எவுங்க?"

"துரை."

அவர் வகுப்பு முழுக்கக் கண்ணை ஓட்டி, அங்கே வேறு ஏதாவது துரை இருக்கிறாரா என்று தேடினார். தன் மகன்தான் என்று தெரிந்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அவனைப் போயி அவுங்கன்னா..." என்று இழுத்தார். "அப்பறம் ஊட்ல நான் அவனை எப்படிக் கூப்பிடறது?" அதற்குள் ரோட்டில் ஆட்கள் கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கும்பிட்டுவிட்டு ஓடினார். போகிறபோது வாசல்படியில் நின்று மகனைப் பார்த்து, வாயெடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

இந்தக் கதையெல்லாம் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போயிற்று. பள்ளிக்கூடம் என்றால் ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர் அவர். ஏழாவதில் சிரிப்புச் சத்தம் கேட்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் புதுப் பிரம்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சித்தி அதை நன்றியோடு வாங்கி, எதற்கு ஆகும் என்று யோசித்து, பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

அந்த வாரமே அதற்கு வேலை வந்தது. வகுப்புக்குச் சட்டங்கள் போட வேண்டும், அதை நாங்களே போட வேண்டும் என்றார் சித்தி. உலகத்தில் அதற்கு முன் யாரும் எங்களிடம் அப்படிக் கேட்டதில்லை. மணிமேகலை எழுந்து, "யாரும் யாரையும் கடிக்கக் கூடாது" என்றாள். அவள் கையில் துரையின் பல் தடம் இன்னும் இருந்தது. செய்யக் கூடாததைச் சொல்லாமல் செய்ய வேண்டியதைச் சொல்வோமே என்று சித்தி அதை, 'சண்டை வந்தால் வாயால் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று எழுதினார்.

துரை கை தூக்கினான். "பேசியும் தீரலன்னா கடிக்கலாமா டீச்சர்?"

அதைப் பற்றி வெகுநேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கூடாது என்று முடிவாயிற்று, துரையின் சம்மதத்தோடு. தாமதமாக வருகிறவர்கள் காரணம் சொல்லிவிட்டு ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பது என் யோசனை. அதற்கும் அவன் கை தூக்கினான். "இது டீச்சருக்கும் உண்டா?" சித்தி யோசித்தார். "உண்டு" என்றார். எல்லாச் சட்டங்களையும் ஒரு சார்ட்டில் எழுதி, அதன் மேல்விளிம்பை ஹெட்மாஸ்டர் கொடுத்த பிரம்பில் சுருட்டி ஒட்டி, இரண்டு முனையிலும் கயிறு கட்டிச் சுவரில் தொங்கவிட்டோம். பிரம்பு அதற்கென்றே செய்த மாதிரி அளவாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை பள்ளியே பரபரப்பாக இருந்தது. கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று மேலே உத்தரவு இருந்ததால், அதிகாரி வருகிற நாட்களில் மட்டும் எங்கள் பள்ளியில் பிரம்புகளெல்லாம் சத்துணவுக் கூடத்துக்குப் போய்விடும். அன்றும் எல்லா வகுப்பிலிருந்தும் போயின. எங்கள் வகுப்பில் பிரம்பைக் கேட்டு வாங்க டீச்சர் இல்லை. முந்தின நாள் கடலூருக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த சித்தி இன்னும் வந்து சேரவில்லை.

அதிகாரி முதலில் நுழைந்ததே ஏழாவதுக்குத்தான். டீச்சர் இல்லாத ஏழாவது. ஹெட்மாஸ்டருக்கு நெற்றியில் வியர்வை. ஆனால் நாங்கள் அமைதியாகப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தோம். துரை கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தான். இந்த முறை சரியான தேதி. அதிகாரி பின்பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நிமிர்ந்தார். சுவரில் பிரம்பு.

"அது என்ன சார்?" என்றார்.

கேட்டது ஹெட்மாஸ்டரை. துரை திரும்பி, "அது சட்டம் மாட்டறதுக்கு சார். ஹெட்மாஸ்டர் சாருதான் குடுத்தாரு" என்றான். அதிகாரி ஹெட்மாஸ்டரைப் பார்த்து, "நல்ல யோசனை" என்றார். அவர் பாராட்டினாரா வேறு ஏதாவதா என்று தெரியாமல் ஹெட்மாஸ்டர் பாதிச் சிரிப்போடு நின்றார்.

அப்போது சித்தி வந்தார். சேலையெல்லாம் புழுதி. அதிகாரிக்கு வணக்கம் சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கங்க. குறிஞ்சிப்பாடிகிட்ட பஸ் பஞ்சராயிடுச்சி. லேட்டாயிடுச்சி" என்றார்.

"பரவாயில்லம்மா, பாடத்தை ஆரம்பிங்க" என்றார் அதிகாரி.

சித்தி ஆரம்பிக்கவில்லை. நாங்களும் புத்தகத்தைப் புரட்டவில்லை. எல்லோருடைய கண்ணும் சார்ட்டுக்குப் போனது. மணிமேகலை பொறுக்க முடியாமல், "டீச்சர், பாட்டு" என்றாள். சித்தி ஒரு கணம் கண்ணை மூடினார். தொண்டையைச் செருமினார். சித்திக்குப் பாட வராது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சமையலறையில் அவர் முணுமுணுத்தாலே அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

துரை எழுந்தான். நேராகச் சித்தியிடம் போனான். குனிய அவசியம் இல்லாத உயரம் என்பதால் அண்ணாந்து பார்த்து, மெல்லிய குரலில் கேட்டான்.

"டீச்சர், கொஞ்சம் வராண்டாவுக்கு வரீங்களா?"

"டேய், உக்கார்றா" என்று ஹெட்மாஸ்டர் பாய்ந்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். சித்தி துரையின் பின்னால் வெளியே போனார். என் பெஞ்சு ஜன்னலோரம். எனக்கு எல்லாம் கேட்டது. துரை சித்தியைப் போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன ஆச்சி டீச்சர்?"

"பஸ் பஞ்சராயிடுச்சி துரை."

"வேணும்னு லேட்டா வரலல்ல?"

"இல்ல."

அவன் ஜன்னல் வழியாக அதிகாரியை எட்டிப் பார்த்தான். "சரி. வெளியாளுங்கல்லாம் வந்துருக்காங்க. இன்னிக்கி பாட்டு வேணாம். நாளைக்கிப் பாடிருங்க. கிளாஸ்ல நான் சொல்லிக்கறேன்."

"சரிங்க" என்றார் சித்தி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புழுதி என்று நினைத்தேன்.

உள்ளே வந்ததும் துரை பொதுவாக அறிவித்தான். "டீச்சர்கிட்டப் பேசிட்டேன். நாளைக்கிப் பாடுவாங்க."

அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார். பாடம் முடியும்வரை இருந்தார். எழுந்து போகும்போது வாசலில் நின்று ஹெட்மாஸ்டரிடம், "சார், கொஞ்சம் வெளிய வரீங்களா?" என்றார். ஹெட்மாஸ்டர் முகம் வெளுத்துப்போய்ப் பின்னால் போனார். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் போனது என் ஜன்னல் இல்லாத பக்கம்.

மறுநாள் சித்தி வாக்குத் தவறாமல் பாடினார். பாதியிலேயே துரை எழுந்து, இனிமேல் பாட்டுக்குப் பதிலாக விடுகதை போதும் என்று சட்டத்தைத் திருத்தினான். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

ஆனால் எனக்கு அதிகம் நினைவில் இருப்பது அந்தத் திங்கட்கிழமை ராத்திரிச் சாப்பாடுதான். அப்பா, அம்மா, சித்தப்பா, நான் எல்லோரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். சித்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சித்தப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பிட்டர். மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி, வீட்டிலும் அதே குரல்தான். குழம்பில் புளி அதிகம், சட்டைக்கு இஸ்திரி சரியில்லை, வெந்நீர் ஆறிவிட்டது என்று சித்தியின் தப்புகளை அவர் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிதான் சொல்வார். எங்களுக்கு அது பழகிவிட்டது. சொல்லிவிட்டு அவரே சிரிப்பார், நாங்களும் சிரிப்போம். அன்றும், "திங்கக்கெழம காலையில கெளம்பாத, ஞாயித்துக்கெழமயே வந்துடுன்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன். சொன்னா ஏறுதா இவளுக்கு?" என்று ஆரம்பித்தார்.

எனக்கு நல்ல வாய்ப்பு. எழுந்து நின்று, சோற்றுக் கையோடு, துரை மாதிரியும் சித்தி மாதிரியும் ஹெட்மாஸ்டர் மாதிரியும் நடித்துக் காட்டினேன். அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பாவுக்குத்தான் சிரிப்பு அடங்கவே இல்லை.

"நெசமாவா? பொடிப்பய வெளிய கூட்டிட்டுப் போயி உன்னை விசாரிச்சானா? நல்ல வாத்தியாரம்மாடி நீ."

சித்தியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். சித்தப்பாவின் தட்டில் ரசத்தை ஊற்றியபடியே சொன்னார்.

"ஆமாங்க. ஆனா அவுங்க வெளிய கூட்டிட்டுப் போயிதான் கேட்டாங்க. பன்னெண்டு வயசு. இத்தினி பேரு முன்னாடி கேக்கக் கூடாதுன்னு அவுங்களுக்குத் தோணியிருக்கு."

சொல்லிவிட்டு அப்பாவுக்கு ரசம் ஊற்றப் போனார்.

சட்டென்று சிரிப்பு நின்றுபோயிற்று. அப்பா தட்டில் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார். அம்மா தண்ணீர்ச் சொம்பை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தாள். சித்தப்பா ஏற்கெனவே பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்துகொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. கதையின் நல்ல கட்டமே இனிமேல்தான். அதிகாரி ஹெட்மாஸ்டரை வெளியே கூப்பிட்டதை நான் சொல்லவே இல்லை. அதற்குள் சித்தி நடுவில் பேசிக் கெடுத்துவிட்டார். விட்ட இடத்திலிருந்து பிடித்து, குரலை மாற்றி, கண்ணை உருட்டி நடித்தேன். ஒருவரும் நிமிரவில்லை. சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கே குழாய் திறக்கும் சத்தமும் தட்டைத் தேய்க்கும் சத்தமும் வெகுநேரம் கேட்டன.

ரசத்தில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, அதனால்தான் சித்தப்பா எழுந்து போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் தட்டில் இருந்ததை வழித்து நக்கிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சித்தியிடம் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன்.